சொல்லப்படவில்லை

நூறடி ரோட்டு ஆஸ்பத்திரியில்
இரவு இரண்டே கால்.
ஏழாம் படுக்கையின் டிரிப்ஸ் பாட்டிலில்
இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி.
மூன்று பத்தி, நாற்பது கேள்வி,
அதே ஒரு மணி நேரம்.
திருச்சி கோச்சிங் சென்டரின் ஜெராக்ஸ் தாளைப்
பி.பி. கருவிக்கு அடியில் இருந்து உருவினேன்.

முதல் பத்தி இயற்கை.
எங்கோ ஓர் ஏரி உறைகிறது.
வாத்துகள் ஏன் கிளம்பின?
ஆறாம் வரியிலேயே கிடக்கிறது காரணம்,
மிதியடிக்குக் கீழே வைத்த வீட்டுச் சாவி மாதிரி.
உறைபனியை நான் கண்டது
தடுப்பூசி ஃபிரிட்ஜின் உள்சுவரில் மட்டும்.
இருந்தாலும் பி என்று போட்டேன்.
சரி.

இரண்டாவது அன்றாட வாழ்க்கை.
ஒருவர் செவ்வாய்தோறும் ரொட்டி வாங்கப் போகிறார்.
மழை வரும் என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.
வரலாம் என்கிறார் இவர்.
ஒன்றரைப் பக்கத்தில் இவ்வளவுதான் நடக்கிறது.
எழுதியவரின் தொனி என்ன?
கேலி, பரிவு, சலிப்பு, பெருமிதம்.

எங்கள் டாக்டர் ‘பார்க்கலாம்’ என்றால்
அது எந்தப் ‘பார்க்கலாம்’ என்று
வராந்தாவில் நிற்கிற சொந்தக்காரர்களுக்கு முன்னால்
எனக்குத் தெரிந்துவிடும்.
ரொட்டிக்காரரிடம் ஒன்றும் பிடிபடவில்லை.
குத்துமதிப்பாகச் சலிப்பு.
பரிவாம்.

மூன்றாவது பண்பாடு.
தலைப்பைப் பார்த்ததும்
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
செட்டிநாட்டு வீடுகள்!
பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு,
முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு.
இங்கிலீஷில் எங்கள் ஊர்
கோட்டுப் போட்ட மாமன் மகன் மாதிரி
யாரோ எவரோ என்று நின்றது.

முப்பத்தொன்றாம் கேள்வி:
வேலையாட்கள் பின்வாசல் வழியே வந்துபோனார்கள்.
உண்மையா, தவறா, சொல்லப்படவில்லையா?

யோசிக்கவே இல்லை.
உண்மை என்று போட்டேன்.
கானாடுகாத்தானில்
பத்தொன்பது வருஷமாக என் அம்மா சவேரியம்மா
பெருக்கித் துடைக்கும் வீட்டுக்கு
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் ஒரு தெருவில்.
பின்தெரு நாய்கள் அவளைக் கண்டால் வாலாட்டும்.
முன்தெரு நாய்கள் இன்றைக்கும் குரைக்கும்.

விடைத்தாள் சொன்னது:
சொல்லப்படவில்லை.

விரல் வைத்து மறுபடி வாசித்தேன்.
ஆமாம், இல்லை.
தரை பளபளக்கிறது.
பித்தளைக் குமிழ்கள் மின்னுகின்றன.
தூண்கள் எண்ணெயிட்டுத் துடைக்கப்படுகின்றன.
படுகின்றன.
செய்தவரை எடுத்துவிட்டாலும்
வாக்கியம் விழாமல் நிற்கும் என்று
எட்டாம் வகுப்பு இலக்கணத்திலேயே படித்ததுதான்.

பத்தியில் உள்ளதை வைத்து மட்டுமே விடையளிக்கவும்.
முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது.
தப்பு என்னுடையது.
அடித்துத் திருத்தினேன்.
எனக்கு டப்ளின் வேண்டும்,
இருபது படுக்கைக்கு ஒற்றை நர்ஸாக ஓடாத
இரவு ஒன்று வேண்டும்.
போன தடவை அரைப் புள்ளியில் போனது.

நாலே முக்காலுக்கு அம்மா கூப்பிட்டாள்.
பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம்.
“தூங்குனியா?”
“படிச்சேன்.”
“என்னத்த?”
“நீ தொடைக்கிற மாதிரி வீடுகளப் பத்தி.”
“என்ன போட்டிருக்கான்?”
“தரையெல்லாம் கண்ணாடியாட்டம் இருக்காம்.”
“பின்ன?” என்றாள்.

கேலி, பரிவு, சலிப்பு, பெருமிதம்.
ஒவ்வொன்றாக அந்த ஒற்றைச் சொல்லில்
வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏழாம் படுக்கையில்
மாற்றிய பாட்டிலும் தீர்ந்து
குழாயில் ரத்தம் ஏறத் தொடங்கியிருந்தது.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஓடினேன்.